ரூட் பெயரில் கிடந்த நோட்டீஸ்கள்

தேவிகுளத்தில் ஆபீஸுக்கு மேலே ஒற்றை அறையில் இருக்கிறேன். கீழே ஏழு கம்ப்யூட்டர், மேலே நான். எங்கள் கம்பெனிக்கு இந்தப் பக்கம் தங்கும் விடுதிகள், முதலமடையில் மாங்காய் பேக்கிங். இரண்டு இடத்திலும் கம்ப்யூட்டர்கள் ஓடுவது லினக்ஸில்தான். பில் போடும் மென்பொருளை முதலமடையில் ஒருவர் எழுதி அனுப்புவார், நான் இங்கே ஏற்றுவேன். எஸ்டேட் லைனில் பத்து வீட்டுச் சத்தத்துக்குள் வளர்ந்தவள் நான். இந்த அமைதி எனக்கு இன்னும் பழகவில்லை.

அந்த முதலமடைக்காரருக்குப் போன் என்றாலே எட்டிக்காய். "சரிங்க, பாக்கறனுங்க" என்பதோடு முடித்துக்கொள்வார். ஆனால் ஒவ்வொரு அப்டேட்டிலும் ஒரு நோட்டீஸ் வைப்பார். ஏற்றும்போது அது திரையில் வந்து நிற்கும், படித்துவிட்டு ஒரு பொத்தானை அழுத்தினால்தான் வேலை மேலே நகரும். என்ன மாறியிருக்கிறது என்று முதலில் இரண்டு வரி. அதற்குக் கீழே மா பூத்தது, லாரிக்காரர்கள் அடித்துக்கொண்டது, அங்கே குளிருங்களா என்ற விசாரிப்பு. பேசாததையெல்லாம் அங்கேதான் கொட்டுவார். ஒருமுறை போனில், "சார், இது அப்டேட் நோட்டீஸா, கல்யாணப் பத்திரிகையா?" என்று கேட்டேன். சிரித்த மாதிரிதான் இருந்தது.

ஜூனுக்குப் பிறகு நோட்டீஸ் வரவில்லை. அப்டேட் மட்டும் வந்தது. என் கேலி சுருக்கென்று தைத்துவிட்டது போல என்று நினைத்தேன். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். எனக்கு வீம்பு, அவரே எழுதட்டுமே என்று இருந்துவிட்டேன். அந்த மழைக்காலம் முழுக்க அந்த நாலு வரிக்கு ஏங்கினேன். சில ஞாயிறுகளில் சாயங்காலம் கடையில் பால் கேட்கும்போதுதான் அன்றைக்கு முதல்முறை வாயைத் திறப்பேன், குரல் கரகரக்கும்.

செப்டம்பரில் ஒரு காலை, அப்டேட் ஏற்றியதும் பில் பிரிண்டர் நின்றுவிட்டது. போனைப் போட்டு எரிந்து விழுந்தேன்.

"சொல்லாமக் கொள்ளாம மாத்திட்டீங்களே சார்?"

"நோட்டீஸ்ல எழுதியிருக்கறனுங்களே."

"நோட்டீஸ் வந்து மூணு மாசமாச்சு."

"எல்லாத்துலயும் வெச்சுத்தானுங்க அனுப்பறேன்."

அவரைக் கையும் களவுமாகப் பிடிக்கலாம் என்று அனுப்பியதைப் பிரித்துப் பார்த்தேன். நோட்டீஸ் உள்ளே இருந்தது. ஏற்கெனவே காட்டிவிட்டதாகக் கம்ப்யூட்டர் தப்பாகக் குறித்துவைத்திருக்குமோ என்று பார்த்தேன், அதுவும் இல்லை. கடைசியில் நோட்டீஸ் காட்டும் புரோகிராமின் அமைப்பைத் திறந்தேன். திரையில் காட்டு என்று இருக்க வேண்டிய இடத்தில், மெயிலில் போடு என்று இருந்தது.

போட்டது நான்தான். ஜூன் மழையில், நோட்டீஸ் என் விரலுக்காகக் காத்து நின்ற நேரம் பார்த்துக் கரண்ட் போய், பாதி ஏறிய அப்டேட்டோடு ஒரு கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. அந்தக் கோபத்தில் ஏழிலும் மாற்றிவிட்டுச் சுத்தமாக மறந்துபோனேன். இந்த மெயில் வெளியே எங்கும் போகாது. அதே கம்ப்யூட்டருக்குள், ரூட் என்ற நிர்வாகக் கணக்கின் பெட்டியில் விழும். அதை யார் திறக்கிறார்கள்?

திறந்தேன். பிரிண்டருக்கு ஒரு வரி மாற்றச் சொல்லியிருந்தார், மாற்றினேன். பிறகு ஜூனிலிருந்து வரிசையாகப் படித்தேன். ஜூலையில் ஒன்று:

"வர்ற ஞாயித்துக்கிழமை தேவிகுளம் வர்றனுங்க. தனியா இருக்கறீங்க, ரூமுக்கு வந்தா நாலு பேரு நாலு விதமா பேசுவாங்க. பதினோரு மணிக்கு பஸ் நிக்கற எடத்துல நிக்கறேன். ஒரு டீ குடிக்கலாமுங்க. விருப்பமில்லீனா வர வேண்டாமுங்க, நான் தப்பா நெனைக்க மாட்டேன்."

அடுத்ததில், என்ன மாறியிருக்கிறது என்ற இரண்டு வரிக்குக் கீழே, "வந்துட்டுப் போனனுங்க. நல்ல மழை" என்று மட்டும். அதற்குப் பிறகு வந்தவற்றில் வேலை விஷயம் தவிர ஒரு சொல் இல்லை.

பஸ் நிற்கும் இடம் என் அறையிலிருந்து ஐந்து நிமிட நடை. மேஜையில் தலையை வைத்து அழுதேன். பிறகு கூப்பிட்டேன்.

"பிரிண்டர் சரியாச்சுங்களா?" என்றார்.

"ஆச்சு சார். நீங்க வர்றேன்னு எழுதுனத இன்னைக்குத்தான் பாத்தேன். அன்னைக்கு நான் ரூம்லதான் சும்மா இருந்தேன்."

"தெரியுமுங்க," என்றார். "திரும்பறப்ப மழை இருட்டுல ரோட்டுல இருந்து பாத்தனுங்க. உங்க ரூம்ல லைட் எரிஞ்சுட்டிருந்துதுங்க."