ஆரஞ்சு மூடி விளக்கு

டிசம்பர் பதின்மூன்றாம் தேதி எங்கள் வீட்டில் ஆரஞ்சுப் பழத்தில் விளக்கு எரியும். அன்றைக்குப் புனித லூசியம்மாள் திருநாள். கண்ணுக்குப் பாதுகாவலி அவர். ஏற்காட்டில் ஆரஞ்சு பழுப்பதும் அதே மாதம்தான். இரண்டும் ஒன்றாக வந்தது யாருடைய குற்றமும் இல்லை. ஆனாலும் இந்த விளக்குக்காக நான் வாங்கிக் கட்டிக்கொண்டது கொஞ்சமல்ல.

தோல் தளர்ந்த பழமாகப் பார்த்து எடுக்க வேண்டும். இடுப்பைச் சுற்றித் தோலை மட்டும் கத்தியால் கீறி, உள்ளே கட்டைவிரலை விட்டுச் சுளைகளை மெல்ல விடுவித்தால், கீழ்மூடியின் நடுவில் வெள்ளை நார் ஒன்று நிமிர்ந்து நிற்கும். அதுதான் திரி. நல்லெண்ணெய் ஊற்றி அது ஊறும்வரை காத்திருக்க வேண்டும். தேங்காயெண்ணெய் இந்த ஊர்க் குளிருக்குக் கட்டியாகிவிடும். நாலைந்து தீக்குச்சி தின்ற பிறகுதான் பற்றும்; அவசரக்காரர்களுக்குப் பற்றவே பற்றாது. பற்றிவிட்டாலோ தோல் சூடாகி, வீடு முழுக்க வாசம். சுளைகள் வந்தவர்களுக்கு. கூடவே எலுமிச்சை சாதமும் நாரத்தங்காய் ஊறுகாயும். விளக்குக்கு ஆகாத மேல்மூடிகள் மறுநாள் புளியும் வெல்லமும் சேர்ந்து பச்சடியாகிவிடும்.

இந்த வழக்கத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தவர் என் மாமியார். கொட்டச்சேடு பக்கம் எஸ்டேட்டில் காப்பி பறித்து மகனை வளர்த்தவர். அந்த மகன், அதாவது என் கணவர், கைக்குழந்தையாக இருந்தபோது கண் இரண்டும் சீழ் வைத்து ஒட்டிக்கொண்டதாம். லூசியம்மாளுக்கு விளக்கேற்றி வேண்டிக்கொண்டார். மருந்தும் போட்டார். கண் திறந்தது. இப்போது மாமியாருக்கே பார்வை போய்விட்டது. லூசியம்மாள் மேல் அவருக்கு அதில் கொஞ்சம் கோபமும் உண்டு. ஆனால் விளக்கை நிறுத்தச் சொன்னதில்லை. வெளிச்சம் தெரியாவிட்டாலும் வாசம் தெரிகிறதே!

கோயில் படிகளில் ஏற அவரால் முடியாது. அதனால் திருநாள் மாலையில் எங்கள் அன்பியம் வீட்டுக்கு வந்து செபம் சொல்வது வழக்கம். அன்பியம் என்றால் தெருவில் உள்ள கத்தோலிக்கக் குடும்பங்கள் முறை வைத்து வீடு வீடாகக் கூடிச் செபிக்கும் கூட்டம். மாமியாருக்கு வருடம் முழுவதற்கும் அந்த ஒரு மாலைதான். அக்டோபரிலேயே "எத்தன நாளு இருக்குது கண்ணு?" என்று கேட்க ஆரம்பித்துவிடுவார்.

அந்த மாலைக்கு எந்தப் பங்கமும் வரக்கூடாது என்று நான் இரண்டு காரியம் செய்துவந்தேன். ஒன்று, ஜன்னல் திரையை இழுத்து மூடிவிடுவேன். இன்னொன்று பொய். பழ மூடியில் விளக்கைப் பார்த்தால் யாருக்கும் செவ்வாய்க்கிழமை துர்க்கைக்கு ஏற்றும் எலுமிச்சை விளக்குதான் ஞாபகம் வரும். கேட்பவர்களிடம், "அந்தக் காலத்து வெள்ளைக்கார மதர் ஒருத்தங்க சொல்லிக் குடுத்ததுங்க" என்று அடித்துவிடுவேன். வெள்ளைக்காரர் சொன்னது என்றதும் எல்லோரும் தலையாட்டிவிடுவார்கள். எனக்கே அது எரிச்சலாக இருக்கும். இருந்தும் அதையே சொன்னேன்.

போன வருடம் அன்பியத்துக்குப் புதிதாக ஒரு தலைவி வந்தார். ஓய்வு பெற்ற டீச்சர். நான் பஜாரில் தையற்கடை வைத்திருப்பவள். அவருடைய ரவிக்கைகளெல்லாம் என் கையில் தைத்தவைதான். திருநாளுக்கு வந்தவர் வாசற்படியிலேயே நின்றுவிட்டார்.

"ஏனுங்க, இதென்னங்க கூத்து? துர்க்கைக்கு ஏத்துறத லூசியம்மாளுக்கு முன்னால வெச்சிருக்கீங்க?"

நான் மதர் கதையை எடுத்துவிட்டேன். அத்தோடு, "அதுல பஞ்சுத் திரி போடுவாங்க, இதுல திரி பழத்தோடதேங்க" என்று வக்கீல் மாதிரி வாதாடினேன்.

"எந்த மதருங்க? எந்த கான்வென்ட்டு?" என்றார் அவர். டீச்சரல்லவா, விடவில்லை.

நான் வாயைத் திறப்பதற்குள் மூலையில் இருந்த மாமியார் திறந்துவிட்டார்.

"மதரும் இல்ல, ஒருத்தியும் இல்லீங்க. எங்கூடக் காப்பி பறிச்சாளே மாரமங்கலத்துக்காரி, அவதேன் சொன்னா. அவ செவ்வாக்கெழம தவறாம எலுமிச்ச மூடியில ஏத்துவா. எம்பையன் கண்ணு ஒட்டிக்கிட்டுக் கெடந்தப்ப, 'உங்க சாமிக்கும் ஏத்திப்பாரு புள்ள'ன்னா. எலுமிச்ச கிடைக்கல, ஆரஞ்சு கெடந்துச்சு. ஏத்திப்போட்டேன்."

கண் திறந்த அந்தப் பையன், ஐம்பத்தைந்து வயதில், இரண்டு கண்ணாலும் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு மானம் போயிற்று. அதற்குள்ளேயே சிரிப்பும் வந்தது. இத்தனை வருடம் நான் தைத்த பொய்யை ஒரே இழுப்பில் பிரித்துவிட்டாரே!

தலைவி வந்த வழியே திரும்பினார். பாதிப் பேர் அவர் பின்னால் போனார்கள். மீதிப் பேர் செபத்தை அவசர அவசரமாகச் சொல்லி, சாதத்தை மட்டும் நிதானமாகச் சாப்பிட்டார்கள்.

இந்த வருடம் நவம்பர் கடைசியில் தலைவி கடைக்கே வந்தார். குரலில் கடுமை இல்லை.

"அம்மாவ நெனச்சா எனக்கும் வருத்தந்தானுங்க. மெழுகுவர்த்தி ஏத்துங்க, நாங்க எல்லாருமே வாறோம். அந்தப் பழத்த மட்டும் உட்டுருங்க. இல்லீன்னா அன்னிக்குச் செபம் எங்கூட்டுல."

எனக்கு ஆசை வரவில்லை என்று சொன்னால் அதுவும் பொய்தான். வீடு நிறைய ஆட்கள், மாமியார் முகத்தில் சிரிப்பு. மெழுகுவர்த்திதானே, ஏற்றிவிட்டால் என்ன? ஆனால் மெழுகுவர்த்தியின் வெளிச்சம் அவருக்கு எதற்கு? பார்வை உள்ளவர்கள் பார்ப்பதற்காக, பார்வை இல்லாதவரிடமிருந்து வாசத்தைப் பிடுங்குவதா? அதுவும் கண்ணுக்குப் பாதுகாவலியின் திருநாளில்! எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

"பழம் எரியுங்க. வர்றவங்க வரட்டும்" என்றேன். அவர் கொண்டுவந்த ரவிக்கைத் துணியைத் திருப்பி எடுத்துக்கொண்டு போய்விட்டார். போகட்டும்.

அன்றே மாமியாரின் மாரமங்கலத்துத் தோழிக்குச் சொல்லி அனுப்பினேன். பதின்மூன்றாம் தேதி மத்தியானப் பஸ்ஸில் அந்த அம்மாள் ஒரு பை நிறைய ஆரஞ்சோடு வந்து இறங்கினார். மாமியாரும் அவரும் சுவரோரம் சாய்ந்து உட்கார்ந்து, கூலிக் கணக்கு எழுதிச் செத்துப்போன எஸ்டேட் ரைட்டரை ஒரு மணி நேரம் திட்டித் தீர்த்தார்கள். பிறகு நான் கீறிய பழங்களைத் தோழி வாங்கிச் சுளை எடுத்துக்கொடுக்க, நான் எண்ணெய் ஊற்றினேன். இருபது மூடிகள். போன வருடத்துக் கணக்கில் பழக்கதோஷத்தில் அறுத்துவிட்டேன்.

ஆறு மணிக்குப் பனி இறங்கிவிட்டது. ஜன்னல் திரையைக் கழற்றித் துணிக்கூடையில் போட்டேன். வாசலில் வந்து நின்றவர்கள் இரண்டு பேர். பக்கத்து வீட்டுத் தம்பதி. அவ்வளவுதான். தெருக்கோடியில் தலைவி வீட்டிலிருந்து பாட்டுச் சத்தம் நன்றாகவே கேட்டது. மாமியார் அந்தப் பக்கம் தலையைத் திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் பிடித்த பிடிவாதத்தால் அவருடைய ஒரே மாலையையும் பாழாக்கிவிட்டேனோ?

"எத்தன பேரு கண்ணு வந்திருக்காங்க?"

நொம்பப் பேர் என்று நாக்கு நுனி வரை வந்தது. இந்த வீட்டில் பொய் சொன்னது போதும்.

"நம்மோட சேத்து ஆறு பேருதானுங்க அத்தை."

"மூடி எத்தன இருக்குது?"

"இருபதுங்க."

அவர் தோழியின் கையைத் தடவிப் பிடித்துத் தீப்பெட்டியை அதில் திணித்தார்.

"அப்ப ஆளுக்கு மூணு ஏத்தலாம். மிச்சம் ரெண்டும் எனக்கே."