வடக்கே இறங்கும் ஆங்கிலம்

என் அண்ணன் முப்பது வருடம் கனடாவின் நியூபவுண்ட்லாந்துக் கரையில் மீன் தொழிற்சாலையில் வேலை செய்தவர். ஊரில் யாரும் கேட்டால் ‘ஒஃபிஸ் வேலை’ என்று சொல்லிக்கொள்வோம். நான் நோர்வேயின் வடகோடியில், ஹம்மர்பெஸ்டில் பத்து வருடம் மீன் வெட்டிவிட்டு ஒஸ்லோவுக்கு வந்தவள். அதை ஊரில் யாரும் கேட்பதில்லை, நானும் வாய் திறப்பதில்லை.

போன கோடையில் அண்ணன் ஒஸ்லோவின் குரோருட்டில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தார். வந்த அன்றே தன் பழைய வேலைக் கூட்டாளியோடு தொலைபேசியில் ஆங்கிலத்தில் வெளுத்து வாங்கினார். கூட்டாளியின் மகன் லாப்ரடோருக்கு ‘டவுன்’, அதாவது கீழே இறங்கிப் போகிறானாம். என் மகள் காதைத் தீட்டிக்கொண்டாள்.

“மாமா, லாப்ரடோர் வடக்கிலை எல்லோ. ஏன் இறங்கிப் போறான் எண்டு சொல்லுறியள்?”

“அங்கை அப்பிடித்தான் பிள்ளை. வடக்கை போறது டவுன், தெற்கை வாறது அப். காத்து தென்மேற்கிலையிருந்து அடிக்கும். வள்ளம் காத்தோடை இறங்கிப் போகும்.”

மகள் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் படிக்கிறாள். கடற்கரை ஆங்கிலம் ஒன்றில் திசைகளை எப்படிச் சொல்கிறார்கள் என்று கட்டுரை எழுத வேண்டும், பேசுகிற ஒருவரின் குரல் பதிவும் வேண்டும். ஆள் வீட்டிலேயே இருக்கிறார் என்று அன்றே ஆசிரியருக்கு எழுதிவிட்டாள். வெள்ளிக்கிழமை கொடுக்காவிட்டால் அரை வருடப் பாடத்தைத் திரும்பப் படிக்க வேண்டும்.

நாங்கள் யாழ்ப்பாணத்தார். படம் எடுத்தாலும் குரல் எடுத்தாலும் முதலில் உடுப்பை மாற்றுவோம், பிறகு பேச்சை மாற்றுவோம். அண்ணன் முகம் மழித்து, கழுத்துப்பட்டி கட்டி, குரலை மட்டும் பதியும் கைபேசிக்கு முன்னால் நிமிர்ந்து உட்கார்ந்தார். நான் வடை சுட்டுக் கொடுத்து, “அண்ணை, யூனிவர்சிட்டிக்குப் போறது. நல்ல இங்கிலீசிலை கதையுங்கோ” என்றேன்.

“லேடீஸ் அண்ட் ஜென்டில்மென்” என்று தொடங்கினார். அறையில் நாங்கள் மூன்று பேர்தான். கனடாவின் ஆறுகள், பனி, ஜனநாயகம் என்று போனது. லாப்ரடோருக்குப் போவதை எப்படிச் சொல்வீர்கள் என்று மகள் கேட்டதற்கு, வடதிசை நோக்கிப் பயணிக்கலாம் என்று ஆங்கிலத்தில் வானொலிச் செய்தி வாசிப்பதுபோல் பதில் சொன்னார். எனக்கோ பெருமை தாங்கவில்லை. மூன்று நாளும் இதே கூத்துத்தான்.

வியாழன் பின்னேரம் மகள் அழுதாள். “நீங்கள்தான் அம்மா கெடுத்தனீங்கள்.”

உண்மைதான். அண்ணனிடம் போனேன். “பிள்ளை பெயிலாகப் போறாள். உங்கடை அந்தப் பக்டரி இங்கிலீசைக் கதையுங்கோவன்.”

அவர் முகம் சுருங்கிவிட்டது. “மீன் வெட்டினவன் எண்டு நாலு பேருக்குப் போட்டுக் காட்டவோ? நீ உன்ரை ஹம்மர்பெஸ்ட் பேச்சை இஞ்சை வேலையிலை கதைக்கிறனியோ?”

நான் இப்போது குழந்தைகள் காப்பகம் ஒன்றில் வேலை செய்கிறேன். அங்கே சேர்ந்த முதல் வாரம், மீன் மேசையில் பழகிய என் வடக்கு நோர்வீஜியப் பேச்சைக் கேட்டு, கூட வேலை செய்யும் ஒருத்தி சிரித்தாள். ஒரு குளிர்காலத்துக்குள் மீன் வாடையைக் கழுவுவதுபோல் அதைக் கழுவிவிட்டேன்.

“அது வேறை” என்றேன்.

“என்ன வேறை? முதல் நீ கதை பாப்பம். பிறகு நான் கதைக்கிறன்.”

இது ஒரு பெரிய விஷயமா என்று வாயைத் திறந்தேன். பெற்றோர் கூட்டத்தில் பேசுகிற ஒஸ்லோப் பேச்சுத்தான் வந்தது. மீன் மேசையில் எனக்குப் பக்கத்தில் நின்றவளை நினைத்துக்கொண்டு திரும்பவும் முயன்றேன். அவள் முகம் வந்தது, பேச்சு வரவில்லை.

அண்ணன் கேலி செய்வார் என்று காத்திருந்தேன். அவர் சிரிக்கவில்லை. பயந்துபோனவர்போல என்னையே பார்த்தார்.

“பிள்ளை, போனைக் கொண்டு வா” என்று மகளைக் கூப்பிட்டார்.

ஒரு மணி நேரம் பேசினார். வடக்கே இறங்கினார், தெற்கே ஏறினார், இடையில் கெட்ட வார்த்தைகளும் வந்தன. மகள் தலை நிமிராமல் எழுதினாள். நான் பக்கத்தில் இருந்து கேட்டேன். எனக்குப் பொறாமையாக இருந்தது. பத்து வருடம் பேசிய பேச்சில் ஒரு வசனம்கூட என்னிடம் மிஞ்சவில்லை. சிரித்தவள் ஒருத்திதான், அதுவும் ஒரே ஒரு முறைதான் சிரித்தாள்.