கடலுக்குப் பேன் பார்க்கிறவர்

கணினித் திரையைத் துடைத்துக்கொண்டிருந்தார் அந்த அம்மா. துணியை நாலாக மடித்து, வலமிருந்து இடமாக, ஓர் ஓரம் விடாமல். நடுவில் மட்டும் ஒரு விரல் ரேகை, போன வருஷத்துப் பிசுக்கு. அதன் பக்கம் வந்ததும் துணி விலகிச் சுற்றிப் போனது. "அது இருக்கட்டும் சார்," என்றார், நான் கேட்காமலே.

கடல் அளவை அலுவலகத்தின் மூன்றாம் மாடி. அவருடைய வேலையைப் பற்றி எழுத வந்திருந்தேன். வெளியே பட்டப்பகல். உள்ளே திரைச்சீலையை இழுத்துவிட்டிருப்பதால் மணி என்னவென்றே தெரியாது. சக ஊழியர்கள் அவரைப் 'பேன்காரம்மா' என்கிறார்கள். கோபமே வராது. "உண்மைதானே? கப்பல்காரங்க ஒலியை அனுப்பி ஆழம் பாத்துட்டு வந்து கொட்டுவாங்க, கோடிக்கணக்குல புள்ளி. அதுல மீன் இருக்கும், நீர்க்குமிழி இருக்கும், வெறும் பொய்யும் இருக்கும். ஈரும் பேனுமா எடுத்துப் போட்டாத்தான் தரை தெரியும்." இருபத்திரண்டு வருஷமாக இதே வேலை. கழுத்து முன்னால் நீண்டபடியே நின்றுவிட்டது. பேசும்போதும் ஆள் முகத்தில் ஏதோ ஒட்டியிருக்கிற மாதிரிதான் பார்ப்பார். நான் இரண்டு தடவை கன்னத்தைத் துடைத்துக்கொண்டேன்.

பேன் போன பிறகு தெரிந்த தரையில் ஓர் ஆறு கிடந்தது. கடலுக்கு அடியில் ஆறா என்று சிரித்துத் தொலைத்தேன்.

"கரையோரத்துச் சேறு ஒருநாள் சரியும் சார். சேத்துத் தண்ணி கனமில்லையா, நல்ல தண்ணிக்கு அடியில புகுந்து சரிவுல ஓடும். ஓடுற வழியைத் தோண்டும். வளைவுல நிரம்பி வழிஞ்சு ரெண்டு பக்கமும் கரை கட்டும். அடுத்தது வரும்போது அதே வழி, இன்னும் ஆழம். அப்படியே வாய்க்கால் ஆயிடும், வளையும், இடம் மாறும்."

அது ஓடுவதை யாராவது பார்த்திருக்கிறார்களா?

"ஒரு டன் எடையில இரும்புச் சட்டம் ஒண்ணு, கருவியெல்லாம் கட்டி இறக்கினாங்க. மறுநாள் அங்க இல்ல. மூணு கிலோமீட்டர் தள்ளிக் கெடந்துச்சு. இல்ல, கெடக்கல. நின்னுச்சு. இறக்கினப்ப எப்படி நின்னுச்சோ அப்படியே."

ஏசியைக் குறைக்கச் சொன்னேன். அது ஓடவே இல்லையாம்.

பிறகு படியைக் காட்டினார். வாய்க்காலின் தரையில் நாலு மாடி உயரத்துக்குச் செங்குத்தாக ஒரு வெட்டு. ஒவ்வொரு தடவை சேறு அதன்மேல் விழும்போதும் விளிம்பு இடிகிறது. விளிம்பு இடிய இடிய, படி பின்வாங்கிக் கரைப்பக்கமாக மேலே வருகிறது. "நாமதான் படி ஏறுவோம். இங்க படியே ஏறி வருது. வருஷம் நூறு மீட்டர், நிக்காம." திரைக்குக் கீழே மேசை விளிம்பில், படி வந்த இடத்தைக் குறித்து, வருஷத்துக்கு ஒன்றாகப் பென்சில் கோடுகள் வரிசையாக நகர்ந்து வந்தன. எதை நோக்கி என்று கேட்டேன். விரல் ரேகையைக் காட்டினார்.

பதினோரு வருஷத்துக்கு முன் அவருடைய அண்ணனின் மீன்பிடிப் படகு அங்கே மூழ்கியது. மற்றவர்கள் தப்பினார்கள், அண்ணன் கிடைக்கவில்லை. வாய்க்காலின் அடியில் படகு, திரையில் ஏழு புள்ளி. வருஷா வருஷம் கணினி அவற்றைச் சிவப்பாக்கி, 'பொய்ப்புள்ளி. நீக்கவா?' என்று கேட்கும். இவர் 'வேண்டாம்' என்பார். "சந்தேகம்னா வை. நிச்சயம்னா மட்டும் எடு. அவ்வளவுதான் இந்தத் தொழில்."

வருஷத்துக்கு ஒருதரம் படகு கிடக்கிற வளைவின் அளவு வந்து சேர்கிற நாளில், அதே இடத்தை அதே அளவில் திறந்துவைத்திருப்பார். பக்கத்து மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை செய்கிற அண்ணி மதிய இடைவேளையில் வருவார். "இருக்காரா?" "இருக்காரு அண்ணி." ஒரு விரலால் தொட்டுவிட்டுப் போவார். அண்ணியும் இவரும் ஒரே வீடு. வெளியூரிலிருக்கும் அண்ணியின் மகள் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறாள். புருஷனைக் கடலில் போட்டுவிட்டு எப்படி வருவது என்று அண்ணி அசைவதில்லை. "அவங்க போயிட்டா வீட்ல நானும் குக்கரும்தான் சார்," என்று சிரித்தார். படியைப் பற்றி அண்ணியிடம் இதுவரை மூச்சுவிட்டதில்லை.

இந்த வருஷத்துத் தரை வரிவரியாக நிரம்பியது. ரேகைக்குக் கீழே ஒன்றுமில்லை. படி அதைக் கடந்து மேலே போயிருந்தது. கரண்டியால் வழித்துவிட்ட மாதிரி வெறும் சேறு.

"போன வருஷத்து ஏழு புள்ளியை எடுத்து இதுல ஒட்டுறது ரெண்டு கிளிக் வேலை," என்றார், என்னைப் பார்க்காமல். "ஈ காக்காவுக்குத் தெரியாது." கை மவுஸ் வரை போயிற்று. சத்தியமாகச் சொல்கிறேன், ஒட்டிவிடுங்கள் என்று நானே வாயெடுத்தேன். கதவு திறந்தது.

அண்ணி ஈரக் கையை உதறிக்கொண்டே வந்தார். "இருக்காரா?"

இவர் திரையின் கீழ் மூலைக்கு அம்புக்குறியை நகர்த்தினார். எண்ணூறு மீட்டர் கீழே, இரண்டு வளைவு தாண்டி, சிவப்பாக ஏழு புள்ளி. எண்ணினேன். மறுபடியும் எண்ணினேன். போன வருஷம் வாய்க்காலுக்குக் குறுக்கே கிடந்தவை, இப்போது அதன் போக்கிலேயே, ஆழத்தைப் பார்த்து, யாரோ ஓட்டிப் போகிற மாதிரி நேராக இருந்தன. 'பொய்ப்புள்ளி. நீக்கவா?'

"இது அவர்தானான்னு நிச்சயமாத் தெரியாது அண்ணி. ஆனா பழைய இடத்துல இல்ல. அது நிச்சயம்."

அண்ணி வெகுநேரம் பார்த்தார். "சொல்லாம கொள்ளாமக் கெளம்புறது அந்த மனுஷனுக்குப் புதுசா என்ன?" சிரிக்கத்தான் ஆரம்பித்தார், பாதியில் அழுகையாகிவிட்டது. பழைய ரேகையின் மேல் விரலை வைத்து, எடுக்காமல், வளைவு வளைவாக மெல்லக் கீழே இழுத்துப் போய் அந்த ஏழில் நிறுத்தினார்.

"அங்கயும் நிக்க மாட்டாருல்ல?"

"மாட்டாரு அண்ணி."

"அப்ப சரி. பாப்பாகிட்ட வரேன்னு சொல்லிடறேன்."

போகும்போது நாத்தனாரின் தலையை ஒருதரம் கோதிவிட்டுப் போனார். 

பேன்காரம்மா 'வேண்டாம்' என்பதை அழுத்தினார்.  பிறகு துணியை நாலாக மடித்து, வலமிருந்து இடமாகத் துடைக்கத் தொடங்கினார். கண்ணாடியில் வளைந்து வளைந்து இறங்கியிருந்த பிசுக்குக் கோட்டுக்கு வந்ததும், துணி அதன் கரையோரமாகவே, ஒரு வளைவு விடாமல், தொடாமல் போயிற்று.