ஹெரன்ஸ் எடுத்த முதல் பெயர்

கணவர் இறந்தபின் ஒரு வருடமாகக் கிளறிற்றா லண்டன் கிங்ஸ்பரி வீட்டுக்கும், தான் வேலை செய்யும் மூக்குக்கண்ணாடிக் கடைக்கும் தவிர வேறெங்கும் போகவில்லை. ஞாயிறு பூசைக்குக்கூட இல்லை. அவளைக் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்தது அண்ணன் சூசைதாசனின் மகள் இசபெல். அப்போது இசபெல் பள்ளிக்கூடப் பிள்ளை. "மாமி, வாங்கோ. பிடிக்காட்டி பாதியிலை வருவம்" என்று வெம்பிளி ஹெரன்ஸ் பெண்கள் அணியின் கூடைப்பந்து ஆட்டத்துக்குக் கூட்டிப்போனாள். கிளறிற்றா பாதியில் வரவில்லை. அன்று ஹெரன்ஸ் படுமோசமாகத் தோற்றது. அவள் தொண்டை கட்டும்வரை கத்தினாள். வீட்டுக்கு வந்து, பல மாதங்களுக்குப் பிறகு, பசித்துச் சாப்பிட்டாள்.

பிறகு இசபெல் பந்து விளையாடவென்றே தூரத்துப் பல்கலைக்கழகம் ஒன்றுக்குப் போய்விட்டாள். மாமி மட்டும் ஹெரன்ஸை விடவில்லை. மழையோ பனியோ, சனிக்கிழமை என்றால் அதே வரிசை, அதே இருக்கை. பக்கத்து இருக்கையில் ஹரோவிலிருந்து வரும் பிரசாந்தினி. கணக்காளர், கலியாணமாகாதவள், ரசிகர் மன்றத்தை நடத்துபவள். இருவரும் சேர்ந்து பார்த்த தோல்விகளுக்குக் கணக்கில்லை.

போன சீசனிலும் ஹெரன்ஸ் அடிமட்டத்தில்தான் முடித்தது. இன்னொரு வருடம் இப்படியே போனால் அணியை லண்டனிலிருந்து வேறு ஊருக்குக் கொண்டுபோய்விடுவேன் என்று முதலாளி வெளிப்படையாகவே சொல்லிவிட்டார். மிச்சமிருந்த ஒரே நம்பிக்கை டிராஃப்ட். ஒவ்வொரு கோடையிலும் புது வீராங்கனைகளை அணிகள் முறைவைத்துத் தெரிவுசெய்யும். கடைசியாக வந்த அணிக்கே முதல் தெரிவு. அந்த முறை நயோமி என்று ஆறடி ஐந்து அங்குலப் பிள்ளை ஒருத்தி இருந்தாள். கூடைக்குக் கீழே அவள் நின்றால் மலை நின்ற மாதிரி. அவளை எடுத்தால் பிழைப்போம் என்று மன்றமே நம்பியது.

அந்த டிராஃப்டில் இசபெலும் பெயர் கொடுத்திருந்தாள். ஐந்தடி ஆறு அங்குலம். வேகம் உண்டு, பந்தைக் கொண்டுபோவாள். எங்கேயாவது, யாராவது, கடைசிச் சுற்றிலாவது எடுத்தால் போதும் என்பதுதான் வீட்டின் எதிர்பார்ப்பு. எடுக்காவிட்டால் பிள்ளைக்கு வெட்கம் என்று, அவள் தன் அண்ணன் மகள் என்பதைக் கிளறிற்றா மன்றத்தில் மூச்சு விடவில்லை.

சனிக்கிழமை பின்னேரம், கிங்ஸ்பரியில் ஒரு சாப்பாட்டுக்கடையின் மேல்மாடி மண்டபம். பெரிய திரையில் டிராஃப்ட் நேரலையாக ஓடியது. கழுத்தில் ஹெரன்ஸ் சால்வையோடு எழுபது எண்பது பேர். திரையில் லீக் தலைவி உறையைப் பிரித்தாள்.

"வெம்பிளி ஹெரன்ஸின் முதல் தெரிவு... இசபெல் சூசைதாசன்."

மண்டபத்தில் எங்கோ ஒரு கதிரை விழுந்தது. ஊளைச் சத்தம் கூரையில் முட்டியது. ஆட்டங்களில் மேளம் அடிக்கிற பெரிய உடம்புக்காரர் சால்வையைக் கழற்றி நிலத்தில் எறிந்துவிட்டு, முகத்தைப் பொத்திக்கொண்டு இருந்துவிட்டார்.

பிரசாந்தினி எழுந்து கிளறிற்றாவின் பக்கம் திரும்பினாள். "விளங்குதோ அன்ரி? தமிழ்ப் பேர். வெம்பிளியிலை, ஹரோவிலை இருக்கிற எங்கடை சனத்துக்கு டிக்கெட் விக்கத்தான் அந்தச் சின்னனை எடுத்திருக்கிறாங்கள். எங்களை என்ன மடையர் எண்டு நினைச்சாங்களோ? நீங்கள் சொல்லுங்கோ, இது சரியோ?"

எல்லோரும் கிளறிற்றாவைப் பார்த்தார்கள். அந்த வரிசையில் அவளுடைய வார்த்தைக்கு எப்போதும் மரியாதை உண்டு. ரசிகையாக அவளுக்குப் பதில் தெரியும்.

"பிழை" என்றாள். "எங்களுக்கு உயரமான பிள்ளை வேணும். இது பிழையான தெரிவு." பிறகு, "இசபெல் என்ரை அண்ணையின்ரை மகள்" என்றாள்.

பிரசாந்தினி அப்படியே கதிரையில் உட்கார்ந்துவிட்டாள். கிளறிற்றாவின் கைப்பையில் தொலைபேசி அதிர்ந்தது. அவள் படிக்கட்டுக்கு ஓடினாள்.

"பாத்தனியே கிளறிற்றா? முதலாவது! நாட்டிலையே முதலாவதா எடுத்திட்டாங்கள்!" சூசைதாசன் அழுதுகொண்டு கத்தினார். பின்னால் வீடு நிறைய ஆட்கள் சிரிக்கும் சத்தம். பிறகு இசபெல் தொலைபேசியை வாங்கினாள். அவள் குரலில் சிரிப்பில்லை.

"மாமி, ஒன்லைன்ல எல்லாரும் என்னைக் கிழிக்கினம். நீங்கள் மன்ற ஆக்களோடதானே இருக்கிறீங்கள். அவை என்ன சொல்லினம்?"

"கோவத்திலை இருக்கினம், பிள்ளை. நயோமியை எதிர்பாத்தவை."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

பொய் சொல்ல அவளுக்கு நேரம் இருந்தது. வாய் வரவில்லை.

"பிழை எண்டுதான் சொன்னனான். உனக்குத் திறமை காணாது எண்டில்லை, அம்மா. இந்த டீமுக்கு இப்ப..."

தொலைபேசி வைக்கப்பட்டுவிட்டது.

அன்றிரவே சூசைதாசன் தொலைபேசி எடுத்தார். "உன்ரை வாயை ஒரு நாளைக்குப் பொத்திக்கொண்டு இருக்க ஏலாதோ? அவள் அறைக்கதவைப் பூட்டிப்போட்டுக் கிடக்கிறாள்." அதன்பின் அவரும் பேசவில்லை.

சீசன் தொடங்கியது. கிளறிற்றா பயந்ததுபோலவே நடந்தது. உயரமான பிள்ளைகளுக்கு நடுவில் இசபெல் சிக்கிக்கொண்டாள், பந்தைப் பறிகொடுத்தாள், கார்த்திகை மாதத்துக்குள் மாற்று வீராங்கனைகளின் வாங்கில் உட்கார வைக்கப்பட்டாள். நயோமி வேறு அணியில் ஆடி, அந்த அணி முன்னுக்கு ஏறிக்கொண்டிருந்தது. இசபெல் பந்தைத் தொட்டால் மண்டபம் முழுக்க ஊளையிட்டது. கிளறிற்றா இருக்கிறாள் என்று அவளுடைய வரிசை மட்டும் வாயை மூடிக்கொண்டிருந்தது. அந்த மௌனம் அவளுக்கு ஊளையைவிட மோசமாக இருந்தது. கத்த வேண்டும் போலிருக்கும்; எதைக் கத்துவது? ஆட்டம் முடிந்து ஆடுகளத்தின் ஓரமாகப் போய் நிற்பாள். இசபெல் நிமிர்ந்து பார்க்காமல் உள்ளே போய்விடுவாள். பஸ்ஸில் வரும்போது கிளறிற்றா தன் கைகளைப் பார்த்துக்கொண்டு, ஒரு சொல், ஒரேயொரு சொல்லை விழுங்கியிருக்கலாமே என்று நினைப்பாள். விழுங்கியிருந்தாலும் பிள்ளைக்கு அங்குலம் கூடியிராது என்பதும் அவளுக்குத் தெரியும்.

மாசி மாதத்தில் ஒரு ஞாயிறு மத்தியானம் கதவு மணி அடித்தது. விளையாட்டுப் பையோடு இசபெல் நின்றாள். கண்ணுக்குக் கீழே கருவளையம்.

"உள்ளுக்கு வா."

"எனக்கு இன்னும் உங்களிலை கோவம்."

"இருக்கட்டும்."

"சாப்பாடு என்ன இருக்கு?"

கணவாய்க் கறி இருந்தது. குனிந்த தலை நிமிராமல் இசபெல் சாப்பிட்டாள். "அப்பா இப்பவும் நான்தான் பெஸ்ட் எண்டுறார். அவரோடை அழக்கூட ஏலாமல் இருக்கு" என்றாள். சாப்பிட்ட கையோடு அழத் தொடங்கினாள். கிளறிற்றா ஆறுதல் சொல்லப் போகவில்லை. சாப்பாட்டுக் கோப்பையை எடுத்துவிட்டு, பக்கத்தில் கதிரையை இழுத்துப்போட்டு இருந்தாள். அன்று முதல் ஞாயிறுகளில் இசபெல் வந்தாள்.

பங்குனி முடிவில் முதலாளி சொன்னதைச் செய்தார். அடுத்த வருடம் அணி வடக்கே வேறு நகரத்துக்கு, வேறு பெயரோடு. வெம்பிளியில் கடைசி ஆட்டம் அரைவாசி மண்டபத்துக்குத்தான் நடந்தது. தோல்வி முடிவாகிவிட்ட நேரத்தில் இசபெலை இறக்கினார்கள். இரண்டு பந்தைத் தவறவிட்டாள், ஒன்றைப் போட்டாள். ஒருவரும் ஊளையிடவில்லை. ஊளையிடும் அளவுக்குக்கூட ஒருவருக்கும் தெம்பில்லை. பிரசாந்தினி மட்டும் எழுந்து நின்று கைதட்டினாள், உதட்டைக் கடித்துக்கொண்டு.

சனம் போனபிறகும் கிளறிற்றாவும் பிரசாந்தினியும் எழும்பவில்லை. இசபெல் சீருடையோடு படியேறி வந்து மாமிக்குப் பக்கத்தில் இருந்தாள்.

"நான் அவையோடை போறன், மாமி. எடுத்தவை அவைதானே. வேறை ஒருத்தரும் கூப்பிடேல்லை."

"போ."

"நீங்கள் சனிக்கிழமையிலை என்ன செய்வீங்கள்?"

கிளறிற்றா யோசித்துப் பார்த்தாள். கண்ணாடிக் கடை, வீடு. அதற்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை.

"தெரியாது, பிள்ளை."

கீழே இரண்டு பேர் கூடையைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் அதைக் கழற்றி முடிக்கும்வரை மூன்று பெண்களும் பார்த்துக்கொண்டு இருந்தார்கள்.