விரதத்தில் நெளிந்த இசைத்தட்டு

என் மனைவி கல்யாணமாகி, மலேசியாவில் எங்கள் ஊரான கிள்ளானுக்கு வந்தபோது கொண்டுவந்த பொருள்களில் ஓர் இசைத்தட்டும் இருந்தது. அட்டை முழுக்க மண்டை ஓடுகள். உறுமிப் பாடுகிற டெத் மெட்டல் என்ற பாட்டு வகை பிறந்த காலத்தில் வந்த ஆல்பமாம். பின்னால் வந்தவர்கள் இதைக் கேட்டுத்தான் உறுமக் கற்றுக்கொண்டார்கள் என்பாள். நானோ தேவாரம் பாடிவிட்டு பக்கத்து ஊரான மேருவில் பேக்டரி வேலைக்குப் போகிற ஆள். ஞாயிற்றுக்கிழமை வீடு கழுவும்போது அவள் அதைப் போடுவாள்.

"பாவம், பாடுறவருக்குத் தொண்டை கட்டியிருக்கு. சுக்குத் தண்ணி குடு."

"நீங்க பஜனையில பாடுறதுக்கு இவரு எவ்வளவோ தேவலாம்லா."

பக்தியில் அவள் எனக்குக் குறைந்தவள் இல்லை. இந்தத் தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுக்க ஒரு மண்டலம் விரதம் இருந்தாள். "மீனு, கோழிய விடுறது எனக்குப் பெருசில்ல. இதையும் விட்டுர்றேன். முடியிற வரைக்கும் நீங்களே வெச்சிருங்க," என்று தட்டை என் கையில் கொடுத்தாள். அவள் முகத்தைப் பார்த்தபோது கேலி செய்யத் தோன்றவில்லை.

விரதத்துக்காக விட்ட பொருள் முருகன் பொறுப்பில் இருக்கட்டும் என்று மஞ்சள் துணியில் சுற்றி, சாமி மேடையின் மேல் பலகையில் வைத்தேன். அதற்கு நேர் கீழே, விரத நாள் முழுக்க விளக்கு எரிந்தது.

பால்குடத்தோடு பத்துமலை முருகன் கோயிலுக்குப் போய்வந்த மறுநாள், அவள் குளிக்கும் நேரத்தில் எடுத்துப் பார்த்தேன். ஓரம் அப்பளம் போல் நெளிந்திருந்தது. இனி எங்கே தேடினாலும் கிடைக்காத தட்டு. பதறிப்போய், நெளிவை நிமிர்த்த அதைத் துணியோடு கீழே வைத்து, பத்துக் கிலோ அரிசி மூட்டையைத் தூக்கி மேலே ஏற்றினேன்.

ஈரத் தலையோடு வந்தவள் நின்றாள். "அரிசி மூட்டைக்கு என்னங்க மஞ்சத் துணி விரிச்சிருக்கீங்க?"

"விளக்குச் சூடும்மா. நான் யோசிக்கல. தப்பு என்னோடதுதான்."

தட்டை எடுத்துக் கண்ணுக்கு நேராகப் பிடித்து வெகுநேரம் பார்த்தாள். "மண்டை ஓட்டக் கொண்டுபோய் பக்கத்துல வெச்சா முருகன் சும்மா இருப்பாரா?" என்றாள்.

"முருகன ஏன் இழுக்கிற? விளக்கு ஏத்துனது நான்."

அவள் தட்டைச் சுழலவிட்டாள். முதல் பாட்டில் ஊசி தவளை போலக் குதித்தது. இரண்டாவதிலும் அதே கதை. முருகா, இந்த ஒரு தடவை அந்த மனுசன் உறுமட்டும் என்று வேண்டிக்கொண்டேன். நெளிவு ஓரத்தோடு நின்றிருந்தது போலும். மூன்றாவது பாட்டில் ஊசி படிந்து ஓடியது. உறுமல் வீட்டை நிறைத்தது.

"உட்காருங்க. இத்தன வருசமா கிண்டல் பண்ணீங்கல்ல, முழுசா கேளுங்க."

அந்தப் பக்கம் முடியும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

"எப்படி?"

"பாட்டு எனக்கு ஏறலம்மா. டிரம் அடிக்கிறவருக்குக் கை நல்லா ஓடுது."

"பரவால்ல, காது இருக்கு," என்று சொல்லித் தட்டைத் திருப்பினாள். "இந்தப் பக்கமும் மூணாவதுல இருந்துதான் ஓடும். எந்திரிச்சிராதீங்க."