உள்ளங்கைத் தீனி

முகர்ந்து பார்க்காமல் ஒரு தோலைக்கூடப் பரீது ராவுத்தர் கூடையில் போடமாட்டார். கொல்லங்கோட்டுப் பழக் கம்பெனியில் பிற்பகல் சங்கு ஊதும்போது, சாறு பிழிந்த மாம்பழத் தோலும் கொட்டையும் அன்னாசிச் செதிலும் பின்வாசலில் குவிந்து கிடக்கும். ஈ மொய்க்கும் அந்தக் குவியலுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, அத்தர் கடைக்கு வந்த புது மாப்பிள்ளை மாதிரி ஒவ்வொன்றாக மூக்கருகே கொண்டுபோவார். புளித்த வாடை வந்தால் இடப்பக்கம் தள்ளுவார். இனிப்பு வாடை வந்தால் கூடைக்குள் போகும். இத்தனைக்கும் அந்தக் குவியலை வண்டியில் தள்ளிக்கொண்டுபோய்ப் பள்ளத்தில் கொட்டுவதுதான் கம்பெனி அவருக்குக் கொடுத்திருக்கும் வேலை. முகர்வதற்குச் சம்பளம் கிடையாது.

“பொண்ணு பாக்கப் போனப்பக்கூட இத்தனை பாத்திருக்க மாட்டீங்க மாமு” என்பாள் சௌதா. தோல் சீவும் பெண்களில் வாய்த்துடுக்குக்காரி, அவருக்கு அடுத்த வீட்டுக்காரியும்கூட.

“பாக்காமத்தான் கட்டுனேன், நல்லாத்தான் இருந்துச்சு. இது எளம் ஆட்டுக்குட்டி வயிறு புள்ளே. புளிச்சது உள்ளே போனா உப்பிப் போயிரும்” என்பார். அதோடு அன்றைய பேச்சு தீர்ந்துவிடும். அவரிடமிருந்து இன்னொரு வாக்கியம் வாங்குவதற்குள் சௌதா ஒரு கூடை பழம் சீவி முடித்துவிடுவாள்.

ஒல்லியான உடம்பு, முழங்காலுக்கு மேல் தூக்கிக் கட்டிய கைலி, மாம்பால் பட்டுக் கறுத்துப்போன விரல்கள். அந்தக் கையை எத்தனை தரம் கழுவினாலும் பழ வாசனை போகாது. வெள்ளிக்கிழமைத் தொழுகையில் அவர் பக்கத்தில் நிற்பவர்களுக்கு மாம்பழக் காலம் தொடங்கியதும் முடிந்ததும் தன்னால் தெரிந்துவிடும். கேரளம் என்று ராஜ்யத்துக்குப் புதுப் பெயர் வந்தபோது ஊரே கூடிக் கூடிப் பேசியது. அவருக்கு அந்த வருஷம் நினைவில் நிற்பது அன்னாசி கம்மியாக வந்த வருஷம் என்றுதான்.

கூடையில் சேர்ந்தது அவர் வீட்டுக் கூரைமேல் ஏறும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கிற நாட்களில் மாம்பழத் தோல் சீக்கிரமே சருகாகிவிடும். கொட்டையை உடைத்துப் பருப்பை எடுத்து ஊறவைப்பார். பிறகு வேகவைத்து, அந்தத் துவர்த் தண்ணீரை வடித்துக் கொட்டிவிட்டுக் காயப் போடுவார். எல்லாம் மொறுமொறுவென்று ஆனதும் உரலில் இடித்து, தவிடும் ஒரு கல் உப்பும் சேர்த்தால் தீனிமாவு தயார். நெல்லியாம்பதியிலிருந்து ஆரஞ்சு வரும் காலத்தில் மட்டும் கூரை காலியாகக் கிடக்கும். ஆரஞ்சுத் தோலின் கசப்புக்குக் குட்டிகள் கிட்டேயே வராது.

அந்தக் குட்டிகள் எதுவும் அவருடையவை அல்ல. ஆட்டுக்குக் காம்பு இரண்டு. ஈனுவது சில சமயம் மூன்று. முட்டி மோதி இடம் பிடிக்கத் தெரியாத மூன்றாவது குட்டி ஓரமாக நின்று ஒடுங்கிப்போகும். அதைச் சாக்கில் சுற்றிக்கொண்டு வந்து ராவுத்தர் வாசலில் விட்டுவிட்டுப் போவது அந்தப் பக்கத்து வழக்கம். துணித்திரியில் பால் சப்பவைத்து அவர் அதை நிமிர்த்துவார். இலையைக் கடித்துப் பார்க்கிற பருவம் வந்ததும், பாலோடுகூடத் தீனிமாவு. அதை முதலில் உள்ளங்கையில்தான் வைத்துக் கொடுப்பார். நோஞ்சான் குட்டிக்குச் சட்டி என்றால் என்னவென்று தெரியாது. உப்புக் கையை நக்க மட்டும் தெரியும். நக்கி நக்கித் தின்னப் பழகியதும் கையோடு சேர்த்துச் சட்டிக்கு மாற்றிவிடுவார். அதில் கண்டிப்பானவர். “கையிலயே தின்னு பழகிட்டா அதுக்கு இந்தக் கைதாங்க ஊரு ஒலகம். ஒங்க ஊட்டுக்கு வந்தா பட்டினிதான் கெடக்கும்” என்று உடையவர்களிடம் சொல்வார். தேறிய குட்டியை உடையவர் ஓட்டிக்கொண்டு போவார். அது பெரிதாகி ஈன்றால் ஒரு செம்பு சீம்பால் கொண்டுவந்து கொடுப்பதுதான் மரியாதை. பாதிப் பேர் மறந்துபோவார்கள். அவரும் ஞாபகப்படுத்த மாட்டார்.

மனிதர்களிடம் வார்த்தையை எண்ணிச் செலவழிக்கிற இவர் குட்டிகளிடம் வாய் ஓயாமல் பேசுவார். அதுவும் எப்படிப்பட்ட மரியாதையோடு! “வாங்க வாங்க. ஏனுங்க, மொகத்தத் திருப்பிக்கிறீங்க? உப்புப் பத்தலீங்களா? நேத்து நல்லாத்தானே சாப்பிட்டீங்க?” கேட்கிறவர்களுக்கு உள்ளே யாரோ சம்பந்தி வந்திருக்கிறார் என்றுதான் தோன்றும். சௌதா ஒருநாள் கேட்டேவிட்டாள். “நாலு நாள் தங்கிட்டுப் போற விருந்தாளிங்க புள்ளே. வா போன்னா நல்லா இருக்குமா?” என்றார்.

சம்பந்தி வருகிற வீடு அல்ல அது. மனைவி மண்ணுக்குள் போய் வெகுகாலம் ஆகிறது. ஒரே மகளைச் சித்திரபுரத்தில் மின்சார வேலை பார்க்கிறவருக்குக் கட்டிக் கொடுத்தார். மலை ஏறிப் போனவள் பெருநாளைக்கு இறங்கி வருவாள். அதுவும் எல்லாப் பெருநாளைக்கும் அல்ல. வந்தால் அத்தாவின் கைலியைத் துவைத்துப் போட்டுவிட்டு, “எங்ககூட வந்துருங்க அத்தா” என்று ஒரு தரம் கூப்பிடுவாள். “அங்கே குளுரும்மா” என்பார். இரண்டாம் தரம் கூப்பிட மாட்டாளா என்று அவர் காத்திருப்பது அவளுக்குத் தெரியாது. அவள் போன பிறகு வீட்டில் மிச்சமிருப்பது விருந்தாளிகள்தான். அவர்களும் கால் ஊன்றியதும் போய்விடுகிறவர்கள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த நாட்களில்தான், வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் தோட்டம் வைத்திருக்கும் சென்னியப்பக் கவுண்டர் ஒரு சாக்கோடு வந்தார். உள்ளே கறுப்பாக ஒரு பெட்டைக்குட்டி, ஒரு காது மட்டும் வெள்ளை. தலையைத் தூக்கக்கூடத் தெம்பில்லை.

“செத்தாலும் பொழைச்சாலும் இது உங்களுதுங்க ராவுத்தரே. நான் தலை முழுகிட்டேன்” என்றார் கவுண்டர்.

சாகப் போகிற குட்டியை விட்டுவிட்டுப் போகிறவர்கள் சங்கடத்தை மறைக்கச் சொல்லும் பேச்சு அது. அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ராவுத்தரும் அதுவரை எடுத்துக்கொண்டதில்லை. இந்தத் தரம் என்னவோ, அந்தச் சொல் அவருக்குள் போய் உட்கார்ந்துவிட்டது.

குட்டி பிழைத்தது. பிழைத்ததா, மாம்பழக் காலம் பிறந்ததும் மினுமினுவென்று ஆகிவிட்டது. அதற்குள் வேலிக்கு அந்தப் பக்கம் சௌதாவின் காதில் வேறு பேச்சு விழ ஆரம்பித்தது. “எங்கடி போனே கறுப்பி? வாடி இங்கே. வயித்தைப் பாரு, வாங்கி வெச்ச தம்புரா மாதிரி!”

“என்ன மாமு, விருந்தாளிக்கு மரியாதை கொறைஞ்சு போச்சு?”

“இவ விருந்தாளி இல்லே. ஊட்டு ஆளு” என்றார். சொல்லும்போது அவர் முகம் வெட்கப்பட்டதை சௌதா கம்பெனி முழுக்கச் சொல்லிச் சிரித்தாள்.

வீட்டு ஆளை எதற்குச் சட்டிக்கு மாற்றுவது? எங்கே போகப் போகிறாள்? அந்திக்கு வந்ததும் கைகால் கழுவி, நிலைப்படியில் உட்கார்ந்து, உள்ளங்கையில் மாவை வைத்து நீட்டுவார். சுரசுரவென்ற சின்ன நாக்கு கை ரேகையெல்லாம் தேடித் தேடி நக்கும். அந்தக் கொஞ்ச நேரத்துக்காகத்தான் அவர் பகலெல்லாம் வண்டி தள்ளினார் என்று சொன்னால் பொய்யில்லை.

“மாமு, நீங்க இங்கே வந்ததுல இருந்து பொழுதுக்கும் அது கத்திக்கிட்டே கெடக்குதாம். எங்கம்மா சொல்லுது. ஒத்தையில கெடக்க முடியலபோல” என்று சௌதா ஒருநாள் சொன்னாள். ராவுத்தர் வண்டியைத் தள்ளிக்கொண்டு நகர்ந்தார். ஆனால் உள்ளுக்குள் அவருக்குச் சந்தோஷமாகவே இருந்தது. தனக்காக ஒரு ஜீவன் வழி பார்த்துக் கத்துகிறது. இப்படி ஒரு செய்தி கேட்டு அவருக்கு எத்தனையோ காலம் ஆகியிருந்தது.

மாம்பழ வரத்து குறையத் தொடங்கிய சமயத்தில் சென்னியப்பக் கவுண்டர் மறுபடி வந்தார். வாசலில் நின்று துண்டை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றினார்.

“தாயாட்டைப் பாம்பு தொட்டிருச்சுங்க. அதோட வர்க்கத்துல மிஞ்சின பொட்டை இது ஒண்ணுதானுங்க. மத்தது ரெண்டும் கெடாய். ஜானகி அழுதுக்கிட்டே கெடக்கறாளுங்க…”

அவர் மனைவி ஜானகியம்மாள் அந்த ஆட்டின் பாலில்தான் வீட்டுக்குத் தயிர் தோய்த்தாள் என்பது ஊருக்கே தெரியும். ராவுத்தர் எழுந்து போய்க் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு வந்து கவுண்டர் கையில் கொடுத்தார். ‘அன்னிக்கு என்னங்க சொன்னீங்க?’ என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். கவுண்டர் நல்ல மனிதர், தலையைக் குனிந்துகொண்டு திரும்பிப் போயிருப்பார். கேட்கத் தெரியாத மனிதரிடம் நியாயம் இருந்து என்ன செய்வது? தீனிமாவில் ஒரு பெரிய பொட்டலம் கட்டி அதையும் கூடவே கொடுத்து அனுப்பினார். கறுப்பி திரும்பித் திரும்பிப் பார்த்துக் கத்திக்கொண்டே போனாள். அன்று அந்தியில் அவர் கைகால் கழுவினார், நிலைப்படியில் உட்கார்ந்தார். பிறகு என்ன செய்வது என்று தெரியாமல் எழுந்து உள்ளே போனார்.

சில நாள் கழித்துக் கவுண்டர் கம்பெனியின் பின்வாசலுக்கே தேடிக்கொண்டு வந்துவிட்டார்.

“தீனி தொடமாட்டேங்குதுங்க. சட்டியில வெச்சா மோந்து பாத்துட்டுத் திரும்பிக்குது. தழையும் பேருக்குத்தான் கடிக்குது. ஜானகி கையில வெச்சு நீட்டிப் பாத்தாளுங்க, அதுவும் ஆகல. நீங்க ஒரு நடை வந்து பாருங்க. ஆகாதுன்னா நீங்களே ஓட்டிக்கிட்டுப் போயிருங்க ராவுத்தரே. கண்ணு முன்னால அதைச் சாகக் குடுக்க எனக்கு மனசு வல்லீங்க.”

சூப்பர்வைசரிடம் லீவு சொல்லிவிட்டு ராவுத்தர் அப்போதே கிளம்பி, வழியில் வீட்டில் நுழைந்து கொஞ்சம் தீனிமாவை மடியில் கட்டிக்கொண்டார். இத்தனை வருஷத்தில் அவர் லீவு கேட்டு அன்றுதான் பார்த்தோம் என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். வாய்க்கால் கரையில் நடக்கும்போது அவர் மனசுக்குள் பெருநாள்தான். குட்டி இளைத்திருக்குமே என்ற கவலை ஒரு பக்கம் இருந்தது, இல்லாமலில்லை. ஆனாலும் அது தன் கையைத்தான் கேட்கிறது, வேறு கையை வேண்டாம் என்கிறது! திரும்பி வரும்போது எந்தப் பக்கமாக ஓட்டிக்கொண்டு வருவது, வெயில் படாமல் எங்கே கட்டுவது என்பதுவரை யோசித்து முடித்துவிட்டார்.

ஜானகியம்மாள் மோர் கொண்டுவந்து வைத்தாள். அவர் அதைத் தொடாமல் பட்டிக்குள் எட்டிப் பார்த்தார். மூலையில் கறுப்பி படுத்திருந்தாள். விலா எலும்பு தெரிந்தது. ஆனால் தனியாகப் படுத்திருக்கவில்லை. கூடப் பிறந்த கிடாய்கள் இரண்டுக்கும் நடுவில் புகுந்து, ஒன்றின் முதுகின்மேல் தலையைச் சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

“பகல்ல கத்துதுங்களா?” என்று கேட்டார்.

“வந்த அன்னிக்குக் கத்துச்சுங்க. அப்பறம் சத்தமே இல்லீங்களே. இதுக ரெண்டையும் விட்டு நகர்றதே இல்ல. தீனி ஒண்ணுதாங்க ஆகல” என்றாள் ஜானகியம்மாள்.

அவர் “வாடி” என்று கூப்பிட்டதும் கறுப்பி துள்ளி எழுந்து ஓடிவந்து கையில் மூக்கை முட்டினாள். மடியிலிருந்த மாவை எடுத்து உள்ளங்கையில் வைத்தார். போன மாயம் தெரியவில்லை. இன்னொரு பிடி வைத்தார், அதுவும் போயிற்று.

“பாத்தீங்களா! உங்க கைதாங்க வேணும் அதுக்கு. ஓட்டிக்கிட்டுப் போங்க, எங்களுக்கு மனத்தாங்கல் ஒண்ணும் இல்லீங்க” என்றார் கவுண்டர்.

சரிங்க என்று ஒரு சொல் சொன்னால் போதும். அப்போது மூலையிலிருந்து கிடாய்க்குட்டி ஒன்று மெல்லக் கத்தியது. கறுப்பி தின்பதை விட்டுவிட்டு அங்கே ஓடினாள், இரண்டையும் முகர்ந்தாள், மறுபடி இவரிடம் ஓடிவந்தாள். பாதி தூரத்தில் நின்று திரும்பிப் பார்த்தாள். ராவுத்தர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். தன் வீட்டு வாசலும், அதில் நட்ட முளைக்குச்சியும், காலையிலிருந்து அந்திவரை அதைச் சுற்றிச் சுற்றிக் கத்துகிற ஒற்றைக் குட்டியும் அவர் நினைவுக்கு வந்தன. அந்தக் கத்தலைக் கேட்டுத்தான் சந்தோஷப்பட்டோம் என்பதும் நினைவுக்கு வந்தது. ஒற்றையாகக் கிடப்பது என்னவென்று அவருக்கா தெரியாது? தெரிந்திருந்தும் எப்படிச் சந்தோஷப்பட்டோம் என்பதுதான் அவருக்கு விளங்கவில்லை.

“ஒரு சட்டி குடுங்க அம்மிணி. ஆழம் இல்லாததா, அகலமா” என்றார்.

“எதுக்குங்க?”

“தப்பு என்னுதுங்க. நெனைவில்லாம சட்டிக்கு மாத்தாமயே விட்டுட்டேன். இப்பப் பழகிரும்.”

சட்டி வந்தது. மாவைக் கொட்டினார். உள்ளங்கை மேல்நோக்கி இருக்கக் கையை மாவுக்குள் பாதி புதைத்துக்கொண்டு குந்தினார். கறுப்பி கையைத் தேடி வந்து சட்டிக்குள் வாயை வைத்தாள். அவள் நக்க நக்க அவர் கையைத் தாழ்த்திக்கொண்டே போனார். கிடாய்க்குட்டிகள் வந்து ஆளுக்கொரு பக்கம் தலையை நுழைத்தன. நெரிசலில் அவளுக்கும் வேகம் வந்தது. அவர் சுண்டுவிரலை எடுத்தார். பிறகு மோதிர விரலை. கவுண்டரும் ஜானகியம்மாளும் மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முழுக் கையும் வெளியே வந்தபோது கறுப்பி தலையைத் தூக்கினாள். முகவாயெல்லாம் மாவு. நாக்கை நீட்டியபடி கை எங்கே என்று தேடினாள்.

ராவுத்தர் எழுந்து இரண்டடி தள்ளி நின்று, ஈரக் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் மறைத்துக்கொண்டார்.

அது கொஞ்ச நேரம் அவரையே பார்த்தது. பிறகு குனிந்து, அண்ணன்மாரை முட்டித் தள்ளிவிட்டுச் சட்டியில் வாயை வைத்தது. ஜானகியம்மாள் மோரை எடுத்து நீட்டினாள். அவர் இடக்கையால் வாங்கிக்கொண்டார். வலக்கை முதுகுக்குப் பின்னாலேயே இருந்தது.