அது குட்டி இல்லை

கல்யாணப் பத்திரிகையில் என் பெயருக்குப் பின்னால் எம்.எஸ்ஸி. என்று போட்டே ஆகவேண்டும் என்றவர் மாமனார்தான். இரும்புலியூர் வீட்டுக்கு வந்த பிறகு அந்த விலங்கியல் படிப்பைப் பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லை. பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை காலியாக இருக்கிறது என்று சொன்னேன். "வீட்டை யாரு பாத்துக்கறது?" என்று கேட்டார் என் கணவர். அத்தோடு பேச்சு முடிந்தது.

எண்பதுகளின் கடைசி அது. மாடி கட்டுவதற்காக இறக்கிய செங்கல் வாசலில் மாதக்கணக்காகக் கிடந்தது. கோடையில் ஒருநாள் காலை, குளியலறை வாளிக்குப் பின்னால் அதைப் பார்த்தேன். சுண்டுவிரல் நீளம்தான். செம்பழுப்பு நிறம், வெளிறிய கால்கள். முன்னாலிருந்த கவ்விகள் இரண்டும் குச்சி போல மெலிந்திருந்தன. வால் மட்டும் நல்ல தடிமன். கல்லூரியில் கண்ணாடிக் குடுவைக்குள் எத்தனையோ முறை பார்த்து வரைந்திருக்கிறேன்.

நான் போட்ட சத்தத்தில் மாமனார் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார்.

"இதுக்கா இப்படிக் கத்தினே? தேள்குட்டிம்மா. விஷத் தேள்னா நட்டுவாக்காலி மாதிரி கருப்பா, பெருசா இருக்கும்."

"இல்ல மாமா, இது குட்டி இல்ல. செந்தேள், இவ்ளோதான் வளரும். கருப்பைவிட இதுக்குத்தான் விஷம் ஜாஸ்தி. கவ்வி மெல்லிசா, வால் தடியா இருக்கு பாருங்க. அடிச்சுடுங்க."

"செவ்வாய்க்கிழமையும் அதுவுமா குட்டியைப் போய் அடிப்பாங்களா?"

பழைய பேப்பரில் அதை வாரிக்கொண்டுபோய்ச் செங்கல் குவியல் பக்கம் உதறினார். என் கணவர் ஷேவ் செய்துகொண்டே கண்ணாடிக்குள்ளிருந்து சிரித்தார். "காலேஜ்ல பாடம் எடுக்கற மாதிரியே பேசறா."

அந்த வாரமே அத்தை, என் மாமியார், அந்தச் செங்கல்மேல் வேட்டி விரித்து வடாம் காயப்போட்டிருந்தார். பிற்பகலில் அதை எடுக்கப் போனவர் "ஐயோ" என்று கையை உதறினார். வேட்டியின் மடிப்பிலிருந்து இறங்கி ஓடியதை நான் பார்த்தேன். நாங்கள் தூக்கிப் போட்டதேதானா என்று சொல்ல முடியாது. ஆனால் அதே செந்தேள்.

ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன். மாமனார் சுண்ணாம்பைக் குழைத்துப் பூசினார். "கொஞ்ச நேரம் கடுக்கும், அப்புறம் சரியாயிடும்." சரியாகவில்லை. அத்தைக்கு ரவிக்கை நனைய வியர்த்தது. வாந்தி எடுத்தார். நான் பிடித்திருந்த கை சில்லிட்டுப் போனது. யாரையும் கேட்காமல் தெருவில் இறங்கி ஓடி ஆட்டோவைக் கூட்டிவந்தேன்.

தாம்பரத்தில் ஒரு நர்ஸிங் ஹோம். "என்ன தேள்? கருப்பா, சிவப்பா?" என்று டாக்டர் கேட்டார். மாமனார் என்னைப் பார்த்தார். நிறம், நீளம், கவ்வி, வால் எல்லாவற்றையும் சொன்னேன். உடனே நாடியைப் பார்த்துக்கொண்டே நர்ஸிடம் மருந்தின் பெயரைச் சொன்ன டாக்டர், என் பக்கம் திரும்பினார்.

"நீங்க என்ன படிச்சிருக்கீங்க?"

"மருமக சார். வீட்லதான் இருக்கா" என்றார் மாமனார்.

அத்தை பிழைத்து வந்தார். நலம் விசாரிக்க ஊரப்பாக்கத்திலிருந்தெல்லாம் உறவினர்கள் வந்தார்கள். கூடத்தில் மாமனார் சொல்வது சமையலறையில் எனக்குக் கேட்டது. "கருப்பைவிட சிவப்புக்குத்தான் விஷம் ஜாஸ்தி. வாலைப் பாத்ததுமே நான் சொல்லிட்டேன்." என் வாக்கியங்கள், அப்படியே. முதலில் வந்தவர்களிடம் அத்தை எதுவும் பேசாமல் இருந்தார். பிறகு வந்தவர்களிடம் அவரே சொன்னார்: "இவர்தான் கண்டுபிடிச்சாரு. இல்லேன்னா இன்னிக்கு நான் இல்ல." நான் காபித் தட்டோடு பக்கத்தில் நின்றிருந்தேன்.

அன்று சாயங்காலம் கணவரிடம் கேட்டேன். "உங்களுக்குத் தெரியும் இல்ல? ஏன் சொல்லல?"

"விடேன். வயசானவர், அவருக்கு ஒரு சந்தோஷம். உனக்கு என்ன குறைஞ்சு போச்சு?"

காபி டம்ளர்களைக் கழுவப் போனேன்.

தொண்ணூறுகளின் நடுவில் மாமனார் காலமானார். காரியத்தன்று, அப்பாவுக்குத் தெரியாத விஷயமே கிடையாது என்று சொல்லி, என் கணவரே அந்தத் தேள் கதையை ஆரம்பித்தார். பக்கத்திலிருந்த ஒரு பெண்மணி, "அப்படியா, பாத்ததுமே சொல்லிட்டாரா?" என்று என்னிடம் கேட்டார்.

"ஆமா" என்றேன்.